தோட்டத்து மக்களுக்கான ஆஸ்துமா வகுப்பு: இரண்டாம் வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். என்ன பிழை விட்டோம்?

கொட்டாஞ்சேனைத் தொண்டன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் முன்பள்ளிக் கட்டிடத்தில், நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்துமா பற்றிய விளக்க வகுப்பொன்றை நடத்தத் தொடங்கியிருக்கிறோம். தோட்டம் என்றதும் வெளியூர் வாசகர்கள் தேயிலையை நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் அது, ஒரே நீர்க்குழாயையும் ஒரே ஒழுங்கையையும் பகிர்ந்துகொண்டு, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நெருக்கியடித்து நிற்கும் வீட்டு வரிசைகளுக்குப் பெயர். நாங்கள் போகும் தோட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்காவது தொய்வு, அதாவது ஆஸ்துமா, இருக்கிறது.

முதல் வாரம் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் தம் ஓய்வு நாளை ஒதுக்கி வந்து, நுரையீரலின் படத்தைத் திரையில் காட்டி, மூச்சுக்குழாய்கள் ஏன் வீங்குகின்றன, அவற்றைச் சுற்றியுள்ள தசை ஏன் இறுகுகிறது, சளி எப்படி அடைக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். நல்ல பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு, வீட்டில் சாம்பிராணி போட வேண்டாம், நுளம்புச் சுருள் கொளுத்த வேண்டாம், விறகில் சமைக்க வேண்டாம், பூனை வளர்க்க வேண்டாம் என்று எழுதிய துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்து, பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து அனுப்பினோம். இரண்டாம் வாரம் ஆறு பேர். அதில் இருவர் பிஸ்கட்டுக்காக வந்த சிறுவர்கள்.

ஒன்று மட்டும் மனத்தில் தைத்தது. முதல் வாரம் பேச்சு முடிந்ததும் ஒரு தாய் எழுந்து, மருந்தை வாயால் உள்ளிழுக்கும் இன்ஹேலரைக் குறித்து, "இந்தப் பம்பைத் தொடர்ந்து அடித்தால் பிள்ளைக்கு அது பழக்கமாகிவிடாதா, பிறகு அது இல்லாமல் இருக்க முடியாமல் போய்விடாதா?" என்று கேட்டார். "அப்படி ஒன்றும் ஆகாது அம்மா" என்று டொக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தத் தாய் இரண்டாம் வாரம் வரவில்லை.

எங்களிடம் சிறு தொகை இருக்கிறது. அதை, மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீற்றர்களுக்குச் செலவிடுவதா, பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் குழாய்களை வாங்கிக் கொடுப்பதா, தலையணை உறைகளுக்கா? யார் கற்பிக்க வேண்டும், என்ன கற்பிக்க வேண்டும்? இத்தகைய வேலையில் கைபட்டவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, நான் இருபத்தேழு ஆண்டுகள் நெஞ்சு நோய்ப் பிரிவுகளில் வேலை செய்தவள். உங்கள் பிழை பெரிதல்ல. நாங்கள் எல்லோரும் முதலில் விட்ட பிழைதான். நுரையீரலின் படத்தை எடுத்துவிட்டு, அடுத்த முறை ஒரு பாயை விரியுங்கள். வருகிறவர்கள் அனைவரும் தங்கள் வீட்டில் தொய்வுக்கென்று வைத்திருக்கும் எல்லா மருந்தையும், முடிந்துபோன பம்ப் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அந்தப் பாயில் கொட்டட்டும். அந்தக் குவியலே உங்கள் பாடத்திட்டம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை கிளினிக்குக்கு ஒரு பாட்டி வந்தார். மூன்று மாதமாக மருந்து ஒழுங்காகப் பாவித்தும் மூச்சு முட்டு குறையவில்லை என்று முறைப்பாடு. கிளினிக் கொப்பியைப் பார்த்தால், கருவியில் வைத்து உறிஞ்ச வேண்டிய கெப்சூல்கள் எழுதப்பட்டிருந்தன. "எப்படி எடுக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, போத்தல் தண்ணீரைக் குடித்து, மடக்கென்று விழுங்கிக் காட்டினார். கருவியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எதற்கென்று தெரியவில்லை மிஸ், பேரப்பிள்ளை வைத்து விளையாடுகிறான்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிசையைப் போல இருக்கும் ஒன்றைக் கொடுத்து, காலையும் இரவும் என்று சொல்லி அனுப்பினால் யாரும் விழுங்கத்தான் செய்வார்கள். செய்து காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொருவரையும் உங்கள் முன்னால் மருந்தைப் பாவிக்கச் செய்து பார்ப்பது. பேசாமல் பாருங்கள். கெப்சூல் கருவியை வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். அமுக்குகிற பம்பையோ, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், மெதுவாக இழுக்கத் தொடங்கும் நொடியில் அமுக்கி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்போது, ஒன்றின் முறையை மற்றதற்குச் செய்கிறார்கள். மருந்து தொண்டையில் படிந்துவிடுகிறது, நெஞ்சுக்குப் போவதில்லை, "பம்ப் வேலை செய்யவில்லை" என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாவது, நிவாரண மருந்துக்கும் தடுப்பு மருந்துக்கும் உள்ள வேறுபாடு. நிவாரண மருந்தான சல்பியூட்டமோல் சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிடும், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்தைப் பாவித்த அன்று ஒன்றும் தெரியாது. அது நாள்தோறும் எடுக்க எடுக்க, வாரக்கணக்கில் வீக்கத்தைக் குறைக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே வாழ்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு: ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது நிவாரணம், வெயில் நாளில் ஏறி ஓட்டையை அடைப்பது தடுப்பு. வெயில் அடிக்கும்போது ஏன் ஏற வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. நிறத்தை வைத்து மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். நிவாரணத்துக்கு நீலம், தடுப்புக்கு மண்ணிறம் என்பது பொதுவான வழக்கம்தான், எல்லாக் கம்பனிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. பெயரின் முதலெழுத்தையாவது அடையாளம் காணப் பழக்குங்கள். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பான ஜீனா, வளர்ந்தவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் கொடுத்துச் சமாளிக்கக் கூடாது என்று 2019இலேயே தன் வழிகாட்டலை மாற்றிவிட்டது. ஆனால் தோட்டத்தில் இன்றும் நீலப் பம்ப்தான் ராஜா, ஏனென்றால் அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். "ஆகாது" என்ற சொல் அவருக்குப் போதாது. அவர் பார்த்த ஒருவர், பம்ப் அடித்து அடித்துக் கடைசியில் அடிக்கடி அடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருப்பார்; அது உண்மையும்கூட. தடுப்பு மருந்து இல்லாமல் நீலப் பம்பை மட்டுமே நம்பியிருந்தவரின் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போயிருக்கும், பழி பம்பின் மேல் விழுந்திருக்கும். இதை அவருடன் இருந்து, அவர் கண்ட ஆளையே உதாரணமாக வைத்துப் பேச வேண்டும். தடுப்பு மருந்து ஒரு ஸ்டீரொயிட் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையில் 5 மில்லிகிராம் ஒன்றின் எடை அளவு, தடுப்புப் பம்பின் 100 மைக்ரோகிராம் பஃப், அதாவது அமுக்கு, ஐம்பதுக்குச் சமம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் வீரியத்தை இப்படி நேராக ஒப்பிட முடியாது; ஆனாலும் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அந்த வெள்ளைக் குளிசையைப் பயமின்றி விழுங்குபவர்கள் பம்பைப் பார்த்து அஞ்சும்போது இந்தக் கணக்கு யோசிக்க வைக்கும். தடுப்பு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

பீக் ஃப்ளோ மீற்றர் இப்போது வேண்டாம். பணத்தை ஸ்பேசரில் போடுங்கள். அதற்கும் காணாவிட்டால், 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுப் பசையால் அடைத்துப் பாவிக்கலாம். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் 5 முதல் 13 வயது வரையான பிள்ளைகளிடம் செய்து, 1999இல் வெளிவந்த ஆய்வில், அப்படி அடைத்த போத்தல், கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்தது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காய விட வேண்டும். துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எட்டாம் மாடி எழுதியது:

மிஸ் சொன்னதை வாசித்தபோது என் மாமியாரை நினைத்துச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. நான் அப்படியான தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது தொடர்மாடியில் எட்டாம் மாடிக்குக் குடியேற்றப்பட்டவள். என் மூத்த மகளுக்கு மூன்று வயதிலிருந்து இழுப்பு.

அண்ணா, ஞாயிறு காலையில் வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? அன்றுதான் ஒரு கிழமைத் துணியைத் துவைக்கிறோம், கோயிலுக்கோ பூசைக்கோ போகிறோம், பிள்ளைகளை ரியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். முதல் வாரம் வந்தவர்கள் என்னவென்று பார்க்க வந்தவர்கள். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, தண்ணீர் பிடித்து முடித்துப் பெண்கள் படிக்கட்டில் உட்காரும் நேரத்தில், வகுப்பு என்று பெயர் சொல்லாமல் நீங்கள் அங்கேயே வந்து உட்கார்ந்தால் போதும்.

துண்டுப் பிரசுரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். நுளம்புச் சுருள் கொளுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மாடியில் ஒரு பிள்ளை டெங்குவால் ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பியது. அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும் போய்ச் சுருளை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. விறகில் சமைக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்றோம். மண்ணெண்ணெயும் அந்த ஆகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எட்டாம் மாடியின் நடைபாதையில் மூன்று கல் வைத்து, உடைத்த அலுமாரிப் பலகையை எரித்துச் சோறு சமைத்தவர்கள் நாங்கள். புகை கெடுதி என்று தெரியாமல் செய்தோமா? மகள் பக்கத்து வீட்டுக் கட்டிலில் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

கிளினிக் நாளில் விடியற்காலை போய் நம்பர் எடுத்தால் மதியத்துக்குப் பிறகுதான் வீட்டுக்கு வரலாம். மருந்து இலவசம்தான். ஆனால் நாட்கூலிக்காரருக்கு அந்த நாள் இலவசமில்லை. சில நேரம் மருந்து இருப்பில் இல்லையென்று வெளியில் வாங்க எழுதித் தருவார்கள்; அந்த மாதம் தடுப்பு மருந்து நின்றுவிடும், நீலம் மட்டும் வாங்குவோம்.

மற்றது வெட்கம். மகள் பெரியவளானதிலிருந்து பாடசாலைப் பையில் பம்பைக் கொண்டுபோக மறுக்கிறாள். நாளைக்குக் கலியாணம் பேசும்போது யாராவது சொல்லிவிடுவார்கள் என்று மாமியார் அவள் காதில் போட்டுவிட்டார். இதற்கு எந்தப் படத்தில் விளக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை.

பொதுச் சுகாதார மாணவன் எழுதியது:

இந்த விடயத்தில் அமெரிக்காவின் பெருநகர ஏழைப் பகுதிகளில் நடந்த முயற்சிகளைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். அவற்றை அப்படியே கொழும்பில் இறக்க முடியாது என்றாலும், அவர்கள் செலவழித்துக் கற்றதை நாம் செலவில்லாமல் கற்கலாம்.

1990களில் அங்கே ஆஸ்துமா ஆலோசகர் என்ற பெயரில் சமூக சேவையாளர்களை ஒவ்வொரு குடும்பத்துக்கும் நியமித்து, மருந்தோடு சேர்த்து வீட்டுப் பிரச்சினை, பாடசாலை, வைத்தியரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதையெல்லாம் பேச வைத்தார்கள். 1997இல் வந்த ஓர் ஆய்வு, கரப்பான் பூச்சிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை, படுக்கையறையில் அதன் கழிவு அதிகமாக இருக்கும் வீட்டில் வாழ்ந்தால், வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் என்று காட்டியது. 2004இல் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளிடம் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்கே போய், அந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாதோ அதை மட்டும் குறிவைத்து, மெத்தைக்கும் தலையணைக்கும் உறை போட்டு, கரப்பானை ஒழித்து, எப்படித் துப்புரவாக வைத்திருப்பது என்று கூட இருந்து செய்து காட்டினார்கள். நோய்க்குறியுள்ள நாட்கள் குறைந்தன. அவர்கள் போவதை நிறுத்திய அடுத்த ஆண்டிலும் அந்தப் பலன் நீடித்தது. எல்லாருக்கும் ஒரே துண்டுப் பிரசுரம் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள இடைவெளியைச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே பாடசாலையிலும் ஒன்று செய்தார்கள். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு, 40 நிமிடப் பாடங்கள் ஆறு. பிள்ளையே தன் மூச்சின் மாற்றத்தைக் கண்டறிந்து பெரியவர்களிடம் சொல்லப் பழக்குவதுதான் நோக்கம். எட்டாம் மாடி அக்காவின் மகளுக்கு இத்தகைய சிறு குழு உதவும் என்று நினைக்கிறேன். பம்ப் வைத்திருக்கும் நான்கு பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் வெட்கம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

நுளம்புச் சுருள் பற்றி: சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான கட்டுரை, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவு என்கிறது. அதனால் சுருள் கெடுதி என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கொழும்பில் டெங்கு என்பது வெறும் பேச்சல்ல; 2017இல் நாடு முழுவதும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ஆகவே "கொளுத்தாதே" என்பது பாடமாகாது. "எதை வைத்து மாற்றுவது" என்பதே பாடம். டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் முன்னரும்தான் அதிகம் கடிக்கும். இரவு முழுவதும் மூடிய அறையில் சுருளைப் புகைய விடுவதைவிட, பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை கட்டுவதும், தேங்கிய நீரைக் கிழமைக்கொரு முறை கொட்டுவதும் பயன் தரும். அந்தப் பணத்தில் வலை வாங்கினாலும் தவறில்லை. இந்த ஒரு விடயத்துக்குப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் எப்படியும் டெங்குவுக்காக அந்த ஒழுங்கைக்கு வந்து போகிறவர்கள்.

புறக்கோட்டைக் கணக்கப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் தாய், பிள்ளை என்றே எழுதுகிறீர்கள். எங்கள் மொத்தக் கடையில் செத்தல் மிளகாய் மூட்டை இறக்கும் நாட்டாமைகளில் மூவருக்குத் தொய்வு. மூட்டை விழும்போது எழும் தூசியில் எனக்கே கணக்குக் கொப்பி தெரியாது. அவர்கள் மாலை ஏழு மணிக்குத்தான் தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள், அதுவும் களைத்து. முகத்தைத் துணியால் கட்டினால் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று கட்டுவதில்லை. முட்டு வந்தால் லொறியின் பின்னால் போய் நின்று பம்பை நான்கைந்து முறை வாயில் சீறிவிட்டு வருவார்கள். ஆண்களைக் கணக்கில் எடுக்காத வகுப்பு அரை வகுப்புத்தான்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா சொல்வது சரி. அவர்களுக்கு முதலில் ஆபத்தின் அடையாளங்களைச் சொல்லிக் கொடுங்கள்: ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல் போவது, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலமாவது, பம்பின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காமல் போவது. உட்கார வைத்து, ஸ்பேசரில் நீல மருந்தை ஒவ்வொரு பஃப்பாக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பார்த்துக் குறையாவிட்டால் மறுபடியும் நான்கு கொடுத்துக்கொண்டே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். உதடு நீலமாயிருந்தாலோ பேசவே முடியாவிட்டாலோ நான்கு நிமிடம் காத்திருக்காமல் உடனே அழையுங்கள். அந்த இலக்கத்துக்கு வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் பணம் கேட்காது. முச்சக்கர வண்டிக்குப் பணம் திரட்டுவதில் நேரம் போன கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

கொட்டாஞ்சேனைத் தொண்டன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. துண்டுப் பிரசுரம் பற்றிய கண்டனத்தை ஏற்றுக்கொள்கிறேன். மீதியிருந்த பிரசுரங்களை நேற்றே ஒதுக்கிவிட்டோம்.

இந்தக் கிழமை புதன்கிழமை, மாலை ஆறரை மணிக்கு, நீர்க்குழாய்க்குப் பக்கத்துப் படிக்கட்டில் பாய் விரித்தோம். பதினொரு பேர் பைகளுடன் வந்தார்கள். பாயில் விழுந்தவை: பத்தொன்பது பம்புகள், அவற்றில் ஆறு முற்றாகக் காலி, இரண்டு காலாவதியானவை; பெயரெழுதாத வெள்ளைக் குளிசைப் பொட்டலங்கள் நான்கு; பெட்டியைத் திறக்காத தடுப்பு மருந்து ஐந்து. கிளினிக்கில் கொடுத்தார்கள், எதற்கென்று தெரியவில்லை, எறிய மனம் வராமல் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம் என்றார் ஒருவர். சரியாகப் பாவித்துக் காட்டியது ஒரே ஒருவர், பத்து வயதுப் பிள்ளை. அவளையே மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொன்னோம். கேள்வி கேட்ட தாயும் வந்திருந்தார், ஆனால் பையைத் திறக்கவில்லை. அவர் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை நண்பரின் மனைவி தனியாகப் போகிறார்.

மிஸ், போத்தலில் துளையிடுவதில் ஒரு சிக்கல். சூடாக்கிய கம்பியால் வெட்டியபோது ஓரம் உருகிப் பெரிதாகிவிட்டது, பம்பின் வாய் ஆடுகிறது. பம்பின் வாயளவுக்கு வளைத்த தகரத்தைச் சூடாக்கி ஒரே அழுத்தில் வெட்டினால் சரிவருமா? எந்தப் பசை பாவித்தீர்கள்? சனிக்கிழமைக்குள் இருபது செய்ய வேண்டியிருக்கிறது.